குழந்தையின் தட்டில் கை வைப்பதற்கு முன்

என் மகளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபோது அவளுக்கு நான்கு வயது. கவனச் சிதறலும் மிகைத் துறுதுறுப்புமான ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருக்கிறது என்பது ஆறு வயதில் தெரிந்தது. அந்த இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பிறகும் எனக்கு வந்த அறிவுரைகளில் முக்கால்வாசி சாப்பாட்டைப் பற்றித்தான். பேச்சுப் பயிற்சியைப் பற்றி உருப்படியாகச் சொல்லக்கூடியவர்கள் ஒன்றிரண்டு பேர். பாலை நிறுத்து, கோதுமையை நிறுத்து, சர்க்கரையை நிறுத்து, இந்தப் பொடியைக் கொடுத்துப் பார் என்று சொல்ல ஊரே இருந்தது. மனைவிக்கு வேறு ஊரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவாள். சமையல், பள்ளி, டாக்டர், ராத்திரி விழிப்பு எல்லாம் என் தலையில். ஏழு வயதில் என் மகள் நடக்க முடியாமல் படுத்துவிட்டாள். காரணம் சத்துக் குறைபாடு. அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு அடுக்கு முழுக்கச் சத்து மாத்திரை டப்பாக்கள் நின்றுகொண்டிருந்தன. இது எப்படி நடந்தது என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இதே வழியில் இப்போது இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு அப்பாவோ அம்மாவோ படித்தால் போதும்.

முதலில் அவள் என்ன சாப்பிட்டாள் என்பதைச் சொல்லவேண்டும். பால், ஓரம் வெட்டிய ரொட்டி, எதுவும் கலக்காத வெள்ளைச் சோறு, முட்டையின் வெள்ளைக்கரு, ஒரே ஒரு வகை பிஸ்கட், சக்கை இல்லாத ஆரஞ்சுச் சாறு. அவ்வளவுதான் பட்டியல். பிஸ்கட்டின் ஓரம் உடைந்திருந்தால் அது அவளுக்கு பிஸ்கட்டே கிடையாது. கையில் வாங்கி, விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றித் தடவிப் பார்ப்பாள். விரல் எங்காவது தட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பிஸ்கட் உறையின் நிறத்தை அந்த நிறுவனம் மாற்றியபோது பல வாரம் அதைத் தொடவில்லை. இதைப் பிடிவாதம் என்று சொன்ன உறவினர்கள் நிறைய. ஒரு நாள் பட்டினி போட்டால் எல்லாம் சாப்பிடுவாள் என்பார்கள். மற்றக் குழந்தைகளுக்கு அது பலிக்கலாம். மணமும் பதமும் ஊசி போலக் குத்துகிற குழந்தைக்குப் பலிக்காது, பசியே அடங்கிப்போகும். இப்படிச் சாப்பாட்டு வகை சுருங்கிச் சத்துக்குறைவு வரை போகும் நிலைக்கு ஆர்ஃபிட் என்று 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு பெயர் கொடுத்திருக்கிறது. அது தனியாகக் கவனிக்கவேண்டிய பிரச்சினை. எனக்கு அந்தப் பெயர் தெரியவந்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

அவளுக்கு எப்போதும் வயிறு உப்பியே இருக்கும். மலச்சிக்கல். ராத்திரி தூக்கத்தில் எழுந்து முட்டிபோட்டுக் குனிந்து அழுவாள். இதைச் சொல்லித்தான் ஒரு உணவு ஆலோசகரிடம் போனேன். ஆட்டிசக் குழந்தைகளுக்கென்றே நடத்துகிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் பொறுமையாகப் பேசினார். அதுவரை எந்த டாக்டரும் எனக்கு அத்தனை நேரம் ஒதுக்கியதில்லை, அதனாலேயே அவர் மேல் நம்பிக்கை வந்தது. கோதுமையில் இருக்கும் குளூட்டன், பாலில் இருக்கும் கேசீன் என்ற இரண்டு புரதங்களும் சரியாகச் செரிக்காமல், குடல் வழியாகக் கசிந்து, மூளைக்குப் போய் ஓப்பியம் மாதிரி வேலை செய்கின்றன, இரண்டையும் நிறுத்தினால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்றார். இந்தக் கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1979இல் யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் ஆய்வாளர் ஆட்டிசத்துக்கும் ஓப்பியம் போல வேலை செய்யும் மூளையின் ரசாயனங்களான ஓப்பியாய்டுகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு ஊகத்தை முன்வைத்தார். அந்த ஊகத்தின் மேல் பிறகு இந்த உணவுமுறை கட்டப்பட்டது. சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு. 2008இல் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆதாரம் மிகவும் பலவீனம் என்றது. 2016இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வு எனக்குப் பிடித்தமானது. 14 ஆட்டிசக் குழந்தைகளைப் பால், கோதுமை இல்லாத உணவில் வைத்து, அப்புறம் இடையிடையே குளூட்டனோ கேசீனோ கலந்த தின்பண்டமும் கலக்காத தின்பண்டமும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எதில் என்ன இருக்கிறது என்பது பெற்றோருக்கும் தெரியாது, கவனித்தவர்களுக்கும் தெரியாது. தூக்கம், வயிறு, நடத்தை எதிலும் வித்தியாசம் தென்படவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் கேள்வியை நேராகக் கேட்ட ஆய்வு. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளுக்காக இந்த உணவுமுறையைக் கையாளவேண்டாம் என்று 2013இலேயே எழுதிவிட்டது.

ஆலோசகர் ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் ஐஜிஜி பரிசோதனை என்று பெயர். என் மாதச் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி அதற்கே போனது. வண்ண வண்ணமாக அச்சடித்த அறிக்கை வந்தது. சிவப்பில் குறிக்கப்பட்டவை பால், கோதுமை, முட்டை. பச்சையில் இருந்தவை அவள் வாழ்நாளில் வாயில் வைத்தே இராத காய்களும் மீன்களும். அன்றைக்கு அது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. உண்மையில் ஐஜிஜி என்பது ரத்தத்தில் இருக்கும் ஒருவகை எதிர்ப்புப் புரதம், உடல் எந்த உணவைப் பார்த்துப் பழகியிருக்கிறது என்பதற்கான அடையாளம். எதை அடிக்கடி சாப்பிடுகிறோமோ அதற்கு அது கூடுதலாகத்தான் இருக்கும். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2008இலேயே, உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இந்தப் பரிசோதனை உதவாது என்று அறிவித்திருக்கிறது. நான் பணம் கொடுத்து வாங்கியது என் மகளின் சாப்பாட்டுப் பட்டியலைத்தான். யாராவது இந்தப் பரிசோதனையையோ தலைமுடியில் தாது அளவு பார்க்கும் பரிசோதனையையோ எழுதிக் கொடுத்தால், அந்தப் பணத்தை எடுத்து வையுங்கள். கீழே சொல்லப்போகும் சாதாரண ரத்தப் பரிசோதனைகளுக்கு அது தேவைப்படும்.

சரி, பாலையும் கோதுமையையும் நிறுத்தினேன். முட்டையையும் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். முதல் சில வாரங்கள் நன்றாகவே போயின. வயிற்று உப்புசம் குறைந்தது, ராத்திரி அழுகை குறைந்தது, பகலில் கொஞ்சம் கண் பார்த்துப் பேசினாள். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லி முடியாது. சமையலறையில் நின்று மனைவிக்கு போன் பண்ணி அழுதிருக்கிறேன். இந்த முன்னேற்றம் பொய்யில்லை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதன் காரணம் ஓப்பியமும் இல்லை, மூளையும் இல்லை. அவள் அதற்குமுன் நாள் முழுக்கப் பால்தான் குடித்துக்கொண்டிருந்தாள். சில குழந்தைகளுக்கு அதிகமான பால் மலச்சிக்கலைக் கூட்டும், பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காதவர்களுக்கு வயிறு உப்பும். வயிற்றுவலி குறைந்தால் எந்தக் குழந்தையும் நன்றாகத் தூங்கும். தூங்கி எழுந்தால் எந்தக் குழந்தையும் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். வலியைச் சொல்லத் தெரியாத குழந்தையிடம் இந்த மாற்றம் அதிசயம் போலத் தெரியும். ஆகவே, உணவு மாற்றத்தால் பலன் தெரிந்தது என்று ஒரு பெற்றோர் சொன்னால் நான் மறுத்துப் பேசமாட்டேன். மலச்சிக்கலுக்கு முதலில் டாக்டரிடம் மருந்து வாங்கிப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்பேன். பாதிப் பேர் பார்த்திருக்கமாட்டார்கள், நானும் பார்த்திருக்கவில்லை.

பெற்றோரின் கண்ணுக்கு ஆசையும் சேர்ந்து தெரியும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செக்ரெடின் என்ற குடல் ஹார்மோன் ஆட்டிசத்தைத் தீர்க்கும் என்று 1998 வாக்கில் பெரிய பரபரப்பு இருந்தது. அடுத்த வருடமே 60 குழந்தைகளிடம் முறையாகச் சோதித்தார்கள். உப்புநீர் ஊசி போட்ட குழந்தைகளுக்கும் செக்ரெடின் போட்ட குழந்தைகளுக்கும் வித்தியாசம் இல்லை, இரண்டு குழுவிலும் கொஞ்சம் முன்னேற்றம். முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த மருந்தில் தங்களுக்கு இன்னும் ஆர்வம் இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு அந்தப் பெற்றோர்களின் மனசு நன்றாகவே புரிகிறது. 1994இல் நடந்த இன்னொரு ஆய்வில், பிள்ளைக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று அம்மாக்களிடம் சொன்னார்கள். கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். அப்படியும் அந்த அம்மாக்கள் பிள்ளை துறுதுறுப்பு அதிகமாகிவிட்டது என்று மதிப்பெண் போட்டார்கள். அதனால் எந்த மாற்றத்தைச் செய்தாலும், வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாத ஒருவரிடம், பள்ளி ஆசிரியரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ, இந்த மாதம் எப்படி இருந்தாள் என்று பொதுவாகக் கேளுங்கள். என்ன மாற்றினோம் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள்.

மாதம் ஆக ஆகப் பட்டியல் சுருங்கியது. ரொட்டிக்குப் பதிலாக வந்த குளூட்டன் இல்லாத ரொட்டி விலையும் அதிகம், அவளுக்கு மணமும் பிடிக்கவில்லை. பாலுக்குப் பதிலாக நான் வாங்கி வந்த மாற்றுப் பால்கள் ஒவ்வொன்றாகக் கழிவுநீர்த் தொட்டிக்குப் போயின. எடை குறைந்தது. இத்தகைய குழந்தைகளிடம் ஒரு உணவை நிறுத்துவது சுலபம், திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். சில நாள் தட்டில் வராத உணவை அவர்கள் அந்நிய உணவாகவே பார்ப்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உண்மையான நோய், அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்டிருக்கவேண்டும் என்பது நைஸின் வழிகாட்டல். நிறுத்திய பிறகு எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். கோதுமையை நிறுத்துவது என்று முடிவே செய்துவிட்டாலும், நிறுத்துவதற்கு முன்னால் அந்த ஒரு பரிசோதனையை எடுத்துவிடுங்கள். எங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

எடை குறைகிறது என்று ஆலோசகரிடம் சொன்னபோது அவர் பொடிகளையும் மாத்திரைகளையும் கூட்டினார். ஒமேகா-3, துத்தநாகம், மெக்னீசியத்தோடு பி6, புரோபயாட்டிக், வைட்டமின் டி, செரிமான நொதி, இன்னும் என்னென்னவோ. மாதாமாதம் வீட்டு வாடகைக்குச் சமமாக அதற்கே போனது. சேமிப்பில் இருந்து எடுத்தேன், அப்புறம் கடன். மகள் மாத்திரை விழுங்கமாட்டாள், பொடி கலந்த எதையும் தொடமாட்டாள் என்றேன். அவளுக்கு ரொம்பப் பிடித்த பானத்தில் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள், தெரியாது என்றார். பிடித்த பானம் ஆரஞ்சுச் சாறு. காலையில் எழுந்ததும் அதைக் குடித்தால்தான் அவள் நாள் தொடங்கும். ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டு, நன்றாகக் கலக்கி, எப்போதும் போல நீல டம்ளரில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மூக்கருகில் கொண்டுபோனாள். "வேண்டாம் அப்பா" என்று மேஜையில் வைத்து, என் பக்கம் மெதுவாகத் தள்ளினாள். மறுநாள் பொடி கலக்காமல் கொடுத்தேன், தொடவில்லை. டம்ளரை மாற்றினேன், பாக்கெட்டை அவள் கண்முன்னே பிரித்து ஊற்றினேன். அன்றிலிருந்து இன்றுவரை அவள் ஆரஞ்சுச் சாறு குடித்ததில்லை.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்தால்கூட நான் எழுதியதற்குப் பலன் உண்டு. மிகச் சில உணவுகளையே நம்பியிருக்கும் குழந்தையின் உணவில் மருந்தையோ சத்துப் பொடியையோ ஒளித்துக் கலக்காதீர்கள். கண்டுபிடித்துவிடுவார்கள். மருந்து போவது இருக்கட்டும், அந்த உணவே போய்விடும். அந்த உணவுதான் குழந்தைக்கு ஏதாவது ஒரு சத்து வரும் ஒரே வழியாக இருக்கலாம். என் மகளுக்கு வைட்டமின் சி வந்துகொண்டிருந்த ஒரே வழி அந்த ஆரஞ்சுச் சாறுதான். பழம் சாப்பிடமாட்டாள், காய் சாப்பிடமாட்டாள். சோறு, முட்டை இரண்டிலும் வைட்டமின் சி இல்லை. மனித உடல் அதைத் தானாகத் தயாரிக்காது. கையிருப்பு தீர ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும், அவ்வளவுதான் அவகாசம்.

முதலில் சோர்வு. அப்புறம் எரிச்சல், தொட்டால் கத்துவாள். ஏடிஹெச்டி கூடிவிட்டது என்றார்கள். பிறகு இடது காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். பள்ளியில் கவனத்தை ஈர்க்கச் செய்கிறாள் என்றார்கள். ஒரு கட்டத்தில் நடக்கவே மறுத்தாள், தவளை மாதிரி காலை மடக்கி அகட்டிப் படுத்துக்கொண்டாள், நேராக நீட்டினால் அலறினாள். ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இன்னொன்றில் இது நடத்தைப் பிரச்சினை, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார்கள். மூன்றாவதாகப் போன இடத்தில் மயக்க மருந்து கொடுத்து எம்ஆர்ஐ எடுத்தார்கள். எலும்பு மஜ்ஜையில் பல இடங்களில் மாற்றம் தெரிகிறது, ரத்தப் புற்றுநோயாகவும் இருக்கலாம், மஜ்ஜையைக் குத்தி எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். அந்த இரவு மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுத இன்னும் கை வரவில்லை. மறுநாள் காலை சுற்றுக்கு வந்த ஒரு இளம் டாக்டர், மகளின் கெண்டைக்காலில் ஒவ்வொரு முடி வேரைச் சுற்றியும் இருந்த சின்னச் சிவப்புப் புள்ளிகளைக் கவனித்தார். உதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தார். ஈறு வீங்கி, பற்களுக்கு நடுவே கருஞ்சிவப்பாகப் புடைத்திருந்தது. பல் தேய்க்கும்போது ரத்தம் வருவதை நான் பல நாளாகப் பார்த்திருக்கிறேன், பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்கிறாள் என்று இருந்துவிட்டேன். "சார், குழந்தை என்னென்ன சாப்பிடும், ஒன்று விடாமல் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். பழம்? இல்லை. காய்? இல்லை. சாறு? நிறுத்திப் பல மாதம். "இது ஸ்கர்வியாக இருக்கலாம் சார்" என்றார். ரத்தத்தில் வைட்டமின் சி அளவு கிட்டத்தட்ட இல்லை என்றே முடிவு வந்தது.

ஸ்கர்வி என்றால் பழைய காலத்துக் கப்பலோட்டிகளுக்கு வந்த நோய் என்று பள்ளியில் படித்ததோடு சரி. இன்றைக்கும் அது வருகிறது. மருத்துவ இதழ்களில் வரும் குழந்தை ஸ்கர்வி பற்றிய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருபவர்கள் சாப்பாட்டு வகை சுருங்கிய ஆட்டிசக் குழந்தைகள்தான். கதையும் ஏறக்குறைய ஒன்றேதான்: கால் வலி, நடக்க மறுப்பு, எம்ஆர்ஐ, புற்றுநோய்ப் பயம், கடைசியில் யாரோ ஈறைப் பார்ப்பது. சிகிச்சையோ விலை மலிவான வைட்டமின் சி. கொடுக்க ஆரம்பித்த சில நாளிலேயே வலி குறைந்தது. எழுந்து நடக்கச் சில வாரம், பழையபடி ஓடச் சில மாதம். மஜ்ஜைப் பரிசோதனை தேவைப்படவில்லை. பள்ளியில் ஒரு வருடம் போனது. ஆலோசகர், பரிசோதனைகள், டப்பாக்கள், மருத்துவமனை எல்லாம் சேர்த்தால் என் ஒரு வருடச் சம்பளத்துக்கு மேல் கரைந்தது. மருந்தை எப்படிக் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். ஒளிக்காமல்தான். சாப்பாட்டு மேஜையில் இருந்து தள்ளி, வேறு அறையில், இதற்கென்றே ஒரு சின்னக் கோப்பையில், "இது மருந்து, ஒரு வாய்தான், முடிந்ததும் தண்ணீர்" என்று படம் வரைந்த அட்டையைக் காட்டி. முதல் நாட்கள் போராட்டம்தான். சாப்பாட்டில் கலக்கமாட்டேன் என்ற நம்பிக்கை வந்த பிறகு அவளே வாயைத் திறந்தாள்.

அலமாரி டப்பாக்களைப் பற்றி அந்த இளம் டாக்டர் கேட்டபோது எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோனேன். அவரும் நானும் உட்கார்ந்து லேபிள்களைக் கூட்டினோம். ஒரே வைட்டமின் டி நான்கு டப்பாக்களில் இருந்தது. அவள் அவற்றை ஒழுங்காகச் சாப்பிடாமல் துப்பியது ஒருவகையில் அவளைக் காப்பாற்றியது. வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை, மிஞ்சியது சிறுநீரில் போகாமல் உடலில் தங்கும். டி மிகுந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, கடும் தாகம், மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். பிரிட்டனில் பல சத்து மருந்துகள் கொடுக்கப்பட்டு அப்படி மருத்துவமனையில் சேர்ந்த 4 வயது ஆட்டிசக் குழந்தையைப் பற்றி 2016இல் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். பி6 நீரில் கரைவதுதான், ஆனால் அதிக அளவில் நெடுநாள் கொடுத்தால் கை கால் நரம்பு மரத்துப்போகும். இயற்கையானது, பக்கவிளைவு இல்லை என்ற பேச்சை அப்படியே நம்பவேண்டாம். எத்தனை டப்பா இருந்தாலும் ஒரு தாளில் ஒவ்வொரு சத்தும் மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கூட்டுங்கள், அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்லும் வரிசை வேறு. எதையும் நிறுத்துவதற்கும் சேர்ப்பதற்கும் முன்னால், ஒரு வாரம் குழந்தை உண்மையில் வாயில் போட்டதை எல்லாம் எழுதுங்கள், பிராண்டு உட்பட. அதை வைத்து எந்தச் சத்து எந்த ஒரே வழியில் வருகிறது என்று ஒரு டயட்டீஷியனால் சொல்லிவிட முடியும். எடையும் உயரமும் பாருங்கள். மலச்சிக்கல், பல்வலி, தூக்கம் மூன்றையும் பாருங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு நிறுத்தாமல் ஃபெரிட்டினும் கேளுங்கள், அதுதான் உடலின் இரும்புக் கையிருப்பு. என் மகளுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் அடியில் கிடந்தது. பாலையே அதிகம் நம்பியிருக்கும் குழந்தைகளுக்கு இரும்பு குறைவது சகஜம். ஃபெரிட்டின் குறைந்தால் ராத்திரி கால் ஓயாமல் உதைக்கலாம், தூக்கம் கெடலாம், பகலில் கவனம் சிதறலாம். 2004இல் பிரான்ஸில் எரிக் கொனோஃபால் குழுவினர் பார்த்ததில், ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளில் 84 சதவீதம் பேருக்கு ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தது, மற்றக் குழந்தைகளில் 18 சதவீதம் பேருக்குத்தான். எல்லா ஏடிஹெச்டிக்கும் இரும்புதான் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. குறைவு இருந்தால் அதைச் சரிசெய்வது நிச்சயமாக நல்லது. ஆனால் பரிசோதிக்காமல் இரும்பு கொடுக்கக்கூடாது, அளவு மீறினால் குழந்தைகளுக்கு அது விஷம். டப்பாவைப் பூட்டி வையுங்கள்.

ஏடிஹெச்டி பக்கம் என் அனுபவம் கொஞ்சம் அமைதியானது. மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை தொடங்கியபோது மதியப் பசி சுத்தமாகப் போனது. ஏற்கெனவே ஒல்லியான குழந்தைக்கு இது சின்ன விஷயமில்லை. மாத்திரைக்கு முன் வயிறு நிறையக் காலை உணவு, மதியம் கட்டாயப்படுத்தாமல் கொஞ்சம், மாத்திரையின் வேகம் இறங்கிய பிறகு இரவில் இரண்டாவது சாப்பாடு என்று மாற்றிக்கொண்டோம், எடை நின்றது. ஒமேகா-3 பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2011இல் 10 ஆய்வுகளையும் 699 குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்ததில் பலன் இருந்தது, ஆனால் சிறிது, மருந்தின் பலனோடு ஒப்பிடவே முடியாத அளவு. கையில் பணம் இருந்து குழந்தையும் விரும்பினால் கொடுக்கலாம், மருந்துக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடாது. செயற்கை நிறங்களைப் பொறுத்தவரை பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. சவுத்தாம்ப்டனில் 2007இல் வெளிவந்த ஆய்வில், நிறமிகளும் சோடியம் பென்சோயேட் என்ற கெடாமல் காக்கும் பொருளும் கலந்த பானம் குடித்த சாதாரணக் குழந்தைகளிடமே துறுதுறுப்பு கொஞ்சம் கூடியது. அதன் விளைவாக ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 ஜூலையிலிருந்து ஆறு நிறமிகளுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. கலர் பானத்தையும் மிட்டாயையும் குறைப்பதில் குழந்தைக்கு நஷ்டம் எதுவும் இல்லை, அதனால் குறைத்தேன். பெரிய மாற்றம் எதையும் நான் பார்க்கவில்லை. தூக்கத்துக்கு மெலட்டோனின் எங்களுக்கு உதவியது, ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான். கடையில் கிடைப்பவற்றை நம்ப முடியாது. கனடாவில் 2017இல் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, லேபிளில் சொன்னதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு.

குடல் பாக்டீரியா பரிசோதனைகளும் இப்போது விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஆட்டிசத்துக்குக் காரணமே குடலில் இருக்கிறது என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு காட்டிய திசை நேர்மாறானது. ஆட்டிசக் குழந்தைகளின் சாப்பாட்டு வகை சுருக்கமாக இருப்பதால்தான் அவர்கள் குடலில் பாக்டீரியா வகைகளும் குறைவாக இருக்கின்றன என்பதே அவர்கள் முடிவு. எனக்கு இது எங்கள் வீட்டில் நடந்ததோடு அப்படியே பொருந்துகிறது.

இவை எல்லாமே பணம், நேரம், எடை என்று நஷ்டத்தில் முடிபவை. உயிருக்கே ஆபத்தானவை வேறு இருக்கின்றன. உடலில் இருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று கீலேஷன் மருந்து ஏற்றி 2005இல் அமெரிக்காவில் 5 வயது ஆட்டிசக் குழந்தை இறந்தது. அதிசயத் தாது நீர் என்ற பெயரில் வாய்வழியாகவும் எனிமாவாகவும் கொடுக்கச் சொல்லும் குளோரின் டையாக்சைடு, துணி வெளுக்கும் வகையைச் சேர்ந்த ரசாயனம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010லும் மறுபடி 2019லும் அதைக் குடிக்கவேண்டாம் என்று எச்சரித்தது. யாராவது நல்ல மனதோடு பரிந்துரைத்தாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இப்போது மகளுக்கு ஒன்பது வயது. பால் திரும்பி வந்துவிட்டது, அளவாகக் கொடுக்கிறேன். பழைய பிஸ்கட்டும் வந்துவிட்டது, அதனால் சீலியாக் பரிசோதனையை ஒழுங்காக எடுக்க முடிந்தது, நோய் இல்லை. ரொட்டி திரும்பவில்லை. ஒரு உணவுச் சிகிச்சையாளர் வாரம் ஒருமுறை வருகிறார். புது உணவு அவள் தட்டில் வராது, பக்கத்தில் தனித் தட்டில் இருக்கும். தொடலாம், முகரலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். பல மாதம் கழித்து ஸ்ட்ராபெரியின் நுனியை நக்கினாள், இப்போது உறைய வைத்த ஸ்ட்ராபெரித் துண்டு இரண்டு மூன்று தின்கிறாள். உறையாததைத் தொடமாட்டாள், பதம் பிடிக்காதாம். வைட்டமின் சி சொட்டு மருந்து தொடர்கிறது. அடுத்த முறை ஃபெரிட்டினும் வைட்டமின் டியும் பார்க்கும்போது, ஸ்ட்ராபெரி மட்டும் போதுமா, சொட்டு மருந்தைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கவேண்டும். கேள்வியை உணவுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.